எழுதிக்கொண்டிருக்கும் நாவலைச் சக எழுத்தாளர்களிடம் காட்டுவது எப்படி? இணையவழிக் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாவல் எழுதுகிறவருக்குப் பாராட்ட ஆள் கிடைத்துவிடும். படித்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஓர் அத்தியாயத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் "அருமை", "தொடருங்கள்", "அடுத்த பகுதி எப்போ?" என்று வரும். வீட்டில் கொடுத்தால் "நல்லாருக்கு" என்பார்கள். இல்லாவிட்டால் கதையில் வருகிற சித்தி நம்ம சித்தியா என்று விசாரிப்பார்கள். இதெல்லாம் தெம்பு தரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் வாசகர் எந்த இடத்தில் கவனம் இழந்தார், கதாநாயகி வீட்டை விட்டுப் போனதை நம்பினாரா, ஐந்தாம் பக்கத்தில் பேசுவது யார் என்று அவருக்குத் தெரிந்ததா என்பதெல்லாம் இதில் தெரியாது. இதைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் தாங்களும் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

அப்படி நாலு பேர் ஒரே ஊரில் அமைவது அபூர்வம். இணையத்தில் அமையும். தேனியில் ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று ஒரு சின்னக் குழு சேர்ந்துவிட்டால், அது நாவலுக்குச் செய்கிற உதவியை வேறு எதுவும் செய்யாது என்று உறுதியாக நம்புகிறேன். அதை எப்படி அமைப்பது, எப்படிப் பகிர்வது, எப்படிக் கருத்துச் சொல்வது, வாங்குவது என்று ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். கீழே வருவதெல்லாம் இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான். கேள்வி இல்லாமல் பிரதியை அனுப்பாதீர்கள். வருகிற பதிலில், வாசகர் எங்கே தடுக்கினார் என்பதை அப்படியே நம்புங்கள்; எப்படித் திருத்துவது என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

1. எப்போது காட்டுவது?

பத்துப் பக்கம் எழுதியதும் யாரிடமாவது காட்டிவிடத் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். தொடக்கத்தை எழுதும்போது நாவல் எங்கே போகப்போகிறது என்று உங்களுக்கே முழுசாகத் தெரியாது. அந்த நேரத்தில் நாலு பேர் நாலு திசையைக் காட்டினால் எழுத்து அங்கேயே நின்றுவிடும். முதல் ஐந்து அத்தியாயத்தையே காட்டி, திருத்தி, மறுபடி காட்டி ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நாவல் 60,000 சொற்கள். அத்தியாயத்துக்கு 2,500 சொல் என்றால் 24 அத்தியாயம். நான்கு பேர் குழுவில் வாரத்துக்கு ஒருவர் பிரதி என்று வைத்தால், உங்கள் முறை நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும். 24 அத்தியாயமும் முடிய 96 வாரம், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. முதல் அத்தியாயத்தில் செத்துப்போன தாத்தாவின் பெயர் பதினைந்தாம் அத்தியாயத்தில் வரும்போது யாருக்கும் நினைவிருக்காது. நாவலின் வேகம், முடிச்சு, ஒரு பாத்திரம் மெல்ல மாறுவது எதுவும் இந்த முறையில் வாசகருக்குப் பிடிபடாது.

அதனால் மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மூன்றில் ஒரு பங்கு எழுதிய பிறகு முதல் மூன்று அத்தியாயத்தையும், கதை எங்கே போகிறது என்று ஒரு பக்கக் குறிப்பையும் காட்டுங்கள். கதைசொல்லும் குரல் பிடிக்கிறதா, தொடர்ந்து படிக்கத் தோன்றுகிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். அப்புறம் முதல் டிராஃப்ட் முடியும்வரை தனியாக எழுதுங்கள். எங்காவது நகரவே முடியாமல் சிக்கினால் அந்த ஒரு காட்சியை மட்டும் குழுவுக்கு அனுப்புங்கள். டிராஃப்ட் முடிந்து நீங்களே ஒருமுறை திருத்திய பிறகு முழுப் பிரதி. மற்ற வாரங்களில் குழு சிறுகதைகளையும், சிக்கிய காட்சிகளையும், பிறருடைய தொடக்கங்களையும் படிக்கட்டும்.

2. ஆட்களைத் தேடுவது

மூன்று முதல் ஐந்து பேர் போதும். ஆறைத் தாண்டினால் படிக்கிற பாரம் ஏறி, ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் கழன்றுவிடுவார்கள்.

எங்கே தேடுவது? எழுத்துப் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பிரதிலிபியில் நீங்கள் தொடர்ந்து படிக்கிறவர், புத்தகங்களைப் பற்றி நிதானமாக எழுதுகிற ஃபேஸ்புக் நண்பர். அவர் எழுதுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, பிறர் எழுத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு கதையைப் பற்றி "மனசைப் பிசைந்துவிட்டது" என்று நிறுத்துகிறாரா, எந்த இடம் பிசைந்தது என்றும் சொல்கிறாரா? இரண்டாவது ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஒரே வகை எழுதுகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை. குடும்பக் கதை எழுதுகிறவருக்குத் துப்பறியும் கதை எழுதுகிறவர் நல்ல துணை. எந்தத் தகவலை எங்கே சொல்ல வேண்டும், எதைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பழக்கம் இருக்கும். ஆனால் நீங்கள் எழுதும் வகையை மதிக்காதவரைச் சேர்க்காதீர்கள். ரமணிச்சந்திரன் வழியில் காதல் நாவல் எழுதுகிற ஒருவருக்கு, அந்த வகையே இலக்கியம் இல்லை என்று நினைப்பவரிடமிருந்து உருப்படியாக எதுவும் கிடைக்காது.

சேர்வதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் அவசியம். ஆளுக்கு 1,500 சொல் மாற்றிக்கொண்டு ஒரு வாரத்தில் கருத்து எழுதிப் பாருங்கள். சொன்ன தேதிக்குத் தந்தாரா, உங்கள் கதையைப் படித்தாரா, அவர் எழுதியிருக்கக்கூடிய கதையைத் தேடினாரா என்பது இந்த ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லி விலகலாம். குழு அமைந்து ஆறு மாதம் கழித்து விலகுவதைவிட இது எல்லோருக்கும் எளிது.

"படித்துக் கருத்துச் சொல்கிறோம்" என்று பணம் கேட்டு வருகிறவர்கள் வேறு ரகம். தொழில்முறை எடிட்டருக்குப் பணம் கொடுப்பது நியாயமானது, ஆனால் அது டிராஃப்ட் முடிந்த பிறகு. முன்பின் தெரியாதவர் உங்கள் உள்பெட்டிக்குத் தானாக வந்து, புகழ்ந்துவிட்டு, கட்டணம் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

3. தொடங்கும் முன் எழுதிவைக்க வேண்டியவை

நண்பர்களுக்குள் விதி எதற்கு என்று தோன்றும். நண்பர்களாகவே நீடிப்பதற்குத்தான். ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்:

- ஒரு முறைக்கு அதிகபட்சம் எத்தனை சொல் (3,000 சரியாக இருக்கும்)
- பிரதி என்றைக்கு வர வேண்டும், கருத்து என்றைக்குள் தர வேண்டும்
- முறை தவறினால் என்ன (தன் முறையை இழப்பார், அவ்வளவுதான், விளக்கம் கேட்க வேண்டாம்)
- குழுவில் படித்ததை வெளியே யாருக்கும் காட்டக்கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூடாது
- பிறர் பிரதியை அவர் சம்மதம் இல்லாமல் எந்த ஏஐ செயலியிலும் ஒட்டக்கூடாது
- வன்முறை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை வரும் பகுதி என்றால் அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்

பெண் எழுத்தாளர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. புனைபெயரில் ஒரு தனி மின்னஞ்சல் தொடங்கி, அதிலிருந்தே கூகுள் டாக்ஸைப் பகிர்ந்தால் உங்கள் சொந்தப் பெயரும் படமும் போகாது. கருத்துப் பரிமாற்றம் முழுக்கக் குழுவுக்குள்ளேயே நடக்கட்டும். தனிச் செய்தியில் "உங்க கதையைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று வருகிறவரிடம் "குழுவில் சொல்லுங்க" என்று சொல்ல ஒருபோதும் தயங்க வேண்டாம்.

4. பிரதியைத் தயார் செய்வது

முதலில், பிரதி யூனிகோடில் இருக்க வேண்டும். எந்தக் கணினியிலும் கைபேசியிலும் அப்படியே தெரிகிற எழுத்துமுறை அதுதான். இலங்கை நண்பர்கள் பலர் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். பிடிஎஃப் வேண்டாம். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் சிதறும், ஓரத்தில் குறிப்பு எழுதவும் சிரமம்.

கூகுள் டாக்ஸ்தான் இந்த வேலைக்கு வசதி. பகிரும்போது 'எடிட்டர்' உரிமை தராமல் 'கமெண்ட்' உரிமை மட்டும் கொடுங்கள். பகிர்வு அமைப்பில் பதிவிறக்கம், அச்சு, நகல் மூன்றையும் தடுக்கவும் வழி இருக்கிறது.

முக்கியமான ஒன்று: ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனி நகல் கொடுங்கள். எல்லோரும் ஒரே கோப்பில் எழுதினால், முதலில் படித்தவர் "இந்த இடம் இழுக்கிறது" என்று எழுதியதும் அடுத்தவருக்கும் அந்த இடம் இழுக்கத் தொடங்கும். மூன்று பேரும் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்காமல் ஒரே பத்தியைச் சுட்டினால்தான் அது உங்களுக்குத் தகவல்.

அனுப்பும் முன் வாணி போன்ற பிழைதிருத்தியில் ஒருமுறை போட்டு எடுங்கள். ஒற்றுப் பிழைக்கு நாவி இருக்கிறது. அப்புறம் கைபேசியில் உரையை வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டு உங்கள் அத்தியாயத்தை நீங்களே கேளுங்கள். இயந்திரக் குரலுக்கு உங்கள் கதை மேல் பாசம் கிடையாது. ஒரே பத்தியில் நாலு முறை "அவள்" வந்திருப்பதும், மூச்சு முட்டும் நீள வாக்கியமும் அதில் அப்பட்டமாகக் கேட்கும்.

5. கேள்வியோடு அனுப்புங்கள்

"படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பினால் "நல்லாருக்கு, ரெண்டு எழுத்துப் பிழை" என்றுதான் பதில் வரும். வாசகர் மேல் தவறில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

பிரதி தொடங்கும் முன், மேலே மூன்று வரி போதும். இது எத்தனையாவது டிராஃப்ட். முன்கதை தேவையென்றால் இரண்டு வாக்கியத்தில். உங்கள் கேள்விகள் இரண்டோ மூன்றோ. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். "பாத்திரம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். "கடிதத்தை எரித்தது மூத்தவள்தான் என்று எந்த இடத்தில் ஊகித்தீர்கள்?" என்று கேளுங்கள். "அப்பா பாத்திரத்தின் மேல் கோபம் வந்ததா, இரக்கம் வந்ததா, எந்த வரியில்?" என்று கேளுங்கள். "படிப்பதை நிறுத்த வேண்டும் என்று தோன்றிய இடம் எது?" என்பதை ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சில கேள்விகளை முன்னாலேயே சொன்னால் வாசிப்பு கெட்டுவிடும். கடிதத்தை எரித்தவள் யார் என்ற கேள்வி அப்படித்தான். அதுபோன்றவற்றைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், அத்தியாயம் முடிந்த பிறகு போடுங்கள்.

6. பிறர் பிரதியைப் படிப்பது

குழுவில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவதில் பெரும்பகுதி இங்கேதான். உங்கள் கதையில் உங்களுக்குத் தெரியாத குறை, அடுத்தவர் கதையில் பளிச்சென்று தெரியும். அதை ஏன் குறை என்று சொல்கிறோம் என்று விளக்க முயலும்போது, அடுத்த வாரம் உங்கள் பக்கத்தில் அதே குறை கண்ணில் படும்.

இரண்டு முறை படியுங்கள். முதல் முறை சாதாரண வாசகராக. திருத்தம் எதுவும் செய்யாமல், அந்தந்த இடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் ஓரத்தில் குறியுங்கள். "இங்கே சிரித்தேன்." "இது யார் பேசுவது?" "இந்தப் பத்தியைத் தாவிவிட்டேன்." "ஐயோ, இவன் போய்விடுவான் போலிருக்கிறதே." எழுதியவருக்குத் தங்கம் மாதிரியான குறிப்புகள் இவைதான். இரண்டாவது முறை, ஏன் அப்படித் தோன்றியது என்று தேடுங்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு தாயைப் பற்றிய நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதியில் இப்படி வருகிறது:

"சரோஜா வீட்டுக்குள் நுழைந்தாள். அவளுக்கு மிகவும் கோபமாக இருந்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த களைப்பு வேறு. பெரியவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. 'ஏன்டா, சம்பளம் வாங்கிட்டு வந்தியா?' என்று கோபமாகக் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவள் மனம் எரிமலையாய்க் குமுறியது."

இதற்கு வழக்கமாக வரும் கருத்துகள்: "நல்ல காட்சி, வாழ்த்துகள்." "நடை இன்னும் மேம்பட வேண்டும்." "எரிமலை என்பது தேய்வழக்கு, நீக்கவும்." முதல் இரண்டும் யாருக்கும் உதவாது. மூன்றாவது சரிதான், ஆனால் மேலோட்டம்.

உருப்படியான கருத்து இப்படி இருக்கும்: "காலை எட்டரைக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்தால் ராத்திரி எட்டரை ஆகும். 'இன்னும் எழுந்திருக்கவில்லை' என்றதும் விடிகாலை என்று நினைத்துவிட்டேன். நைட் ஷிப்டா என்று மேலே போய்த் தேடினேன். அவள் கோபத்தை மூன்று இடத்தில் சொல்லிவிட்டீர்கள், அதனால் நான் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. அவன் பதில் சொல்லாத அந்த நொடிதான் எனக்குப் பிடித்தது. அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன்."

இதில் ஒரு வாக்கியம்கூட "இப்படி எழுதுங்கள்" என்று சொல்லவில்லை. ஆனாலும் எழுதியவருக்கு வழி கிடைத்துவிட்டது. அவர் திருத்தி எழுதியபோது இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"சரோஜா உள்ளே வந்து சாப்பாட்டுக் கூடையை இறக்கினாள். எட்டரைக்குக் கம்பெனி விட்டு நடந்து வந்த கால் வலித்தது. பெரியவன் கட்டிலில் போனோடு கிடந்தான். 'சம்பளம்?' என்றாள். அவன் திரும்பவில்லை. கூடையிலிருந்து காலி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். கடைசி டப்பாவை வைத்தபோது அவன் போனை அணைத்தான்."

கோபம் என்ற சொல்லே இல்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கும் சத்தத்தில் அது இருக்கிறது.

பெரியதிலிருந்து சின்னதற்கு வாருங்கள். முதல் டிராஃப்டில் கதை, காட்சி, பாத்திரம் இவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம். அடுத்த டிராஃப்டில் நீக்கப்படப்போகிற காட்சியில் நாற்பது ஒற்றுப் பிழைகளைச் சிவப்பில் காட்டுவது இருவருக்கும் வீண் உழைப்பு. எழுதியவர் அந்த நாற்பதைத் திருத்திவிட்டதாலேயே காட்சியை நீக்க மனம் வராமல் வைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

தமிழ் நாவலில் மட்டும் வருகிற சில விஷயங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் மாமியாரை "நீங்க" என்று பேசிய மருமகள் ஒன்பதாம் அத்தியாயத்தில் "நீ" என்கிறாளா? கவனக்குறைவா, உறவு மாறியதன் அடையாளமா என்று கேளுங்கள். ஓர் ஆசிரியர் ஒரு பக்கத்தில் "வந்தார்", அடுத்த பக்கத்தில் "வந்தான்" ஆகிறாரா? கதைசொல்லி எழுத்துத் தமிழில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு "போயிட்டான்" நுழைகிறதா? உறவுச் சொற்களையும் பாருங்கள். அம்மாவின் அம்மாவை யாழ்ப்பாணத்துப் பிள்ளை "அம்மம்மா" என்று கூப்பிடும். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை "அம்மாயி" என்று கூப்பிடலாம். பாத்திரம் எந்த ஊர் என்பது இதிலேயே தெரிந்துவிடும், தப்பாக இருந்தாலும் தெரிந்துவிடும்.

வட்டார வழக்கில் மிகவும் கவனம் வேண்டும். கொங்கு வழக்கில் "என்ற புள்ள" என்றால் என்னுடைய பிள்ளை. வேறு ஊர்க்காரர் அதை "என்று சொல்லப்படுகிற பிள்ளை" என்று படித்துத் தடுமாறலாம். அப்படி நடந்தால் "பிழை" என்று குறிக்காதீர்கள். "இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை" என்று குறியுங்கள். திருத்துவதா, சூழலை வைத்து விளங்க வைப்பதா, அப்படியே விடுவதா என்பது எழுதியவர் முடிவு. அதேபோல உங்கள் ஊர் வழக்கை வெளியூர்க்காரர் எழுதியிருந்தால், குழுவில் உங்களைவிடப் பயன்படுகிறவர் இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

7. கூட்டம்

எழுத்தில் கருத்துத் தந்த பிறகு குரல்வழியாக ஒரு சந்திப்பு இருந்தால் நல்லது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே மணிதான். இங்கே ஞாயிறு மாலை 7.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 10. கோடையில் லண்டனில் பிற்பகல் 3, டொராண்டோவில் காலை 10. குளிர்காலத்தில் அந்த இரண்டு ஊரிலும் ஒரு மணி நேரம் குறையும், அதை மறந்துவிட்டு ஒருவர் தாமதமாக வருவார்.

ஜூமில் இலவசமாக 40 நிமிடம் கிடைக்கும். அதுவே போதும். படித்த மூவருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம், எழுதியவருக்குப் பத்து, பொதுப் பேச்சுக்குப் பத்து. ஒருவர் நேரம் பார்க்கட்டும்.

எழுதியவர் முதலில் பேசவே கூடாது. 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடத் தொடங்கியபோது பிடித்த முறை இது: வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் குறுக்கீடில்லாமல் பேசுவார்கள், எழுதியவர் கடைசியில்தான் வாய் திறப்பார். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் "இல்லீங்க, நான் என்ன நினைச்சு எழுதினேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டால், அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு வாசகரால் தன் வாசிப்புக்குத் திரும்பிப் போக முடியாது. புத்தகம் வெளிவந்த பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் உட்கார்ந்து நீங்கள் விளக்க முடியாது அல்லவா?

மனம் இளகியவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு இன்னொரு முறை பொருந்தும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் உருவாக்கியது. முதலில் எது மனதில் நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு எழுதியவர் கேள்வி கேட்பார். அடுத்து வாசகர்கள் கேட்பார்கள், ஆனால் கருத்தை உள்ளே ஒளித்துவைக்காத கேள்வியாக இருக்க வேண்டும். "இந்த அத்தியாயம் ஏன் இவ்வளவு நீளம்?" என்பதில் குற்றச்சாட்டு இருக்கிறது; "இது எவ்வளவு நீளம் இருக்கணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்பதில் இல்லை. கடைசியாக, சம்மதம் கேட்டுவிட்டுக் கருத்து: "முடிவு பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கு, கேட்க விருப்பமா?"

நம் பழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. குழுவில் வயதில் மூத்தவரோ, ஏற்கெனவே புத்தகம் போட்டவரோ இருந்தால் அவர் பேசிய பிறகு மற்றவர்கள் "அண்ணன் சொன்னதுதான்", "அக்கா சொன்னதை வழிமொழிகிறேன்" என்று முடித்துவிடுவார்கள். எனவே இளையவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில் பேசட்டும். மூத்தவரின் பிரதிக்கும் அதே ஐந்து நிமிடம், அதே நேர்மை. "சார்", "தோழர்", "அக்கா" என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், மரியாதைக்குக் குறைவில்லை. பேச்சு பிரதியைப் பற்றி இருக்கட்டும். "நீங்க குழப்பிட்டீங்க" என்பதைவிட "இந்தப் பக்கத்துல நான் குழம்பிட்டேன்" என்பது சொல்லவும் எளிது, கேட்கவும் எளிது, உண்மையும்கூட.

8. வந்த கருத்துகளை என்ன செய்வது

அன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள். நன்றி சொல்லிவிட்டுக் கோப்பை மூடுங்கள். சில நாள் கழித்து எல்லாக் குறிப்புகளையும் ஓர் அட்டவணையில் சேருங்கள்: எந்தப் பக்கம், யார் சொன்னது, என்ன தடுக்கியது, என்ன யோசனை சொன்னார். கடைசி இரண்டையும் கட்டாயம் தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். வலி எங்கே என்று நோயாளி சொல்வதை மருத்துவர் நம்புவார், மருந்துச் சீட்டை அவர்தான் எழுதுவார். அதே மாதிரிதான் இதுவும்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் துபாய் போய்விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "நம்ப முடியவில்லை" என்கிறார். இன்னொருவர் "இந்த அத்தியாயம் ரொம்ப நீளம்" என்கிறார். மூன்றாமவர் "போகும் முன் ஒரு சண்டைக் காட்சி வைக்கலாம்" என்கிறார். மூன்று கருத்தும் மூன்று திக்கில் இழுக்கின்றன. ஆனால் மூவரும் தடுக்கியது ஒரே இடத்தில். நிதானமாகப் பின்னால் போய்ப் பார்த்தால், அதுவரை எந்த அத்தியாயத்திலும் அவனுக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டியதாக ஒரு வரிகூட இல்லை என்று தெரியவரும். திருத்த வேண்டியது நான்காம் அத்தியாயம். சண்டைக் காட்சி தேவையே இல்லை. நாவலில் தடுக்குகிற இடம் ஒன்றாகவும், காரணம் வெகு முன்னாலும் இருப்பது சகஜம்.

ஒருவர் மட்டும் சொன்னது என்றால் ஒதுக்கலாமா? அவர் சொன்னதும் உங்கள் வயிற்றில் சுருக்கென்று ஏதாவது செய்தால் ஒதுக்காதீர்கள். அந்த இடம் சரியில்லை என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படி எதுவும் செய்யவில்லை என்றால் அட்டவணையில் இருக்கட்டும், அடுத்த சுற்றில் வேறு யாராவது சொல்கிறார்களா பார்க்கலாம்.

திருத்தும் முன் பழைய வடிவத்துக்குக் கூகுள் டாக்ஸின் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய்க் குரலே மாறிவிட்டது என்று தோன்றினால் திரும்பி வர வழி இருக்கும். நாவல் உங்களுடையது. குழுவில் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொன்ன ஒரு காட்சி உங்களுக்கு வேண்டும் என்றால், அது ஏன் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்த ஒவ்வொரு முறையும் எழுதவே பிடிக்காமல் போகிறது என்றால் யோசிக்க வேண்டும். கடுமையான கருத்து இரண்டு நாள் வலிக்கும், மூன்றாம் நாள் எழுத உட்கார வைக்கும். வாரக்கணக்கில் கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்றால் குழு உங்களுக்குப் பொருந்தவில்லை. விலகுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

9. திருட்டுப் பயம், போட்டி விதிகள்

"என் கதையை யாராவது எடுத்துக்கொண்டால்?" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் அது நீடிக்கும். ஆனால் சட்டம் காப்பது எழுத்தைத்தான், வெறும் கருவை அல்ல. தேதி தெரியும்படியான டிராஃப்டுகளும் குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களும் அழியாமல் இருக்கட்டும்.

இதைவிட அடிக்கடி மாட்டிவிடுவது வேறு. பல நாவல் போட்டிகள் "அச்சிலோ இணையத்திலோ வெளிவராத படைப்பு" என்று கேட்கின்றன. ஃபேஸ்புக்கில் தொடராகப் போட்டால் அதுவே வெளியீடாகக் கொள்ளப்படலாம். அமேசான் கிண்டிலில் மின்னூலாக வெளியிட்டு, அங்குள்ள கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் அந்த மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக்கூடாது. இணையத்தில் தொடராகப் போட்டதை முதலில் எடுத்துவிட வேண்டும். அதனால் நாவலின் பகுதிகளை நாலைந்து பேருக்கு மட்டும் தெரிகிற கோப்பில் வைத்துக்கொள்வதே நல்லது.

10. முழுப் பிரதி

டிராஃப்ட் முடிந்து, அட்டவணையில் இருந்ததை எல்லாம் சரிபார்த்த பிறகு, முழு நாவலையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவர் குழுவில் இருப்பவர். மற்றவர் இதுவரை ஒரு வரிகூடப் படிக்காதவராக இருக்க வேண்டும். முடிந்தால் எழுதாதவர், நாவல் மட்டும் படிக்கிறவர். அவரை ஆரம்பத்திலிருந்தே இதற்காக ஒதுக்கி வையுங்கள், அவசரப்பட்டு நடுவில் காட்டிவிடாதீர்கள். 60,000 சொல்லுக்கு ஒன்றரை மாதமாவது அவகாசம் கொடுங்கள். நடுவில் "படிச்சீங்களா?" என்று நச்சரிக்க வேண்டாம்.

இந்தப் புதிய வாசகருக்கு மட்டும் கேள்விப் பட்டியல் எதுவும் அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு வேலை மட்டும் கொடுங்கள்: படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோன ஒவ்வொரு இடத்திலும் தேதி எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிரதி திரும்பி வந்ததும் அந்தத் தேதிகளைப் பாருங்கள். எந்த இரண்டு அத்தியாயத்துக்கு நடுவே பத்து நாள் இடைவெளி விழுந்திருக்கிறதோ, அடுத்த திருத்தத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.